20 செக்கன் கட்டிப்பிடித்தால் பிரசர் குறையுமா?

நிலாவெளி_வீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. ஒன்பது ஆண்டுகள் கட்டாரில் வேலை செய்துவிட்டு, கடந்த மாசி மாதம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை விடுமுறை கிடைத்தது என்றாலும், அந்த நாட்கள் உறவினர் வீடுகளுக்குப் போவதிலும் வீட்டுக் கூரையைச் சரிசெய்வதிலும் கழிந்துவிடும். இந்த முறை கட்டுநாயக்கவிலிருந்து வானில் வந்தபோது எனக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு பயணப்பை இருந்தது. ஹபரணையில் தேநீருக்கு இறங்கித் திரும்ப ஏறுகையில் பையைப் பின்னால் போட இடம் இருந்தும், நாங்கள் இருவருமே அதை எடுக்கவில்லை. அப்படியே ஊர் வந்து சேர்ந்தோம்.

எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. நன்றாகத்தான் கதைக்கிறோம். ஆனால் கை படுவது என்பது விளக்கு அணைத்த பிறகு நடக்கும் காரியமாகவும், அதுவும் எப்போதாவது நடப்பதாகவும் ஆகிவிட்டது. இதற்கிடையில் மனைவிக்கு இரண்டு ஆண்டுகளாகக் குருதியமுக்கம் இருக்கிறது. மாதம் ஒரு முறை கிளினிக் கொப்பியோடு போய் மருந்து எடுக்கிறார். போன வாரம் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தினமும் 20 செக்கன் துணையைக் கட்டிப்பிடித்தால் பிரசர் குறையும், இதயம் பலப்படும், தம்பதியர் பிரியவே மாட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. இதில் உண்மை எவ்வளவு? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஓய்வுபெற்ற_தாதி எழுதியது:

தம்பி, சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அந்த 20 செக்கன் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எண்ணை ஏதோ மருந்தின் அளவு போல எல்லோரும் பகிர்கிறார்கள்.

அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் கேரன் கிரெவன் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. துணையோடு வாழும் ஆட்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் இருந்த 100 பேர் துணையின் கையைப் பிடித்தபடி பத்து நிமிடம் இருந்து, கடைசியில் 20 செக்கன் கட்டிப்பிடித்தார்கள். மற்றப் பிரிவில் இருந்த 85 பேர் அதே நேரம் தனியே அமைதியாக இருந்தார்கள். பிறகு எல்லோரையும் பேசவைத்துப் படபடப்பை உண்டாக்கி அளந்தபோது, தனியே இருந்தவர்களின் குருதியமுக்கமும் இதயத் துடிப்பும் கூடுதலாக ஏறியிருந்தன. அதாவது, துணையின் கையைப் பிடித்திருந்தவர்களின் அமுக்கம் நெருக்கடியிலே குறைவாக ஏறியது. நாட்பட்ட உயர் குருதியமுக்கம் அதனால் மாறிவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. 20 செக்கன் என்பது அவர்கள் தங்கள் வசதிக்கு வைத்த நேரம். பத்து நிமிடக் கைப்பிடிப்பை விட்டுவிட்டுக் கடைசி 20 செக்கனை மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் படமாக்கியிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் மனைவி மருந்தை நிறுத்தக் கூடாது; இதை முதலிலும் சொல்கிறேன், கடைசியிலும் சொல்வேன். ஆனால் தொடுகை வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 31 வருடம் வாட்டில் நின்றவள் நான். சத்திரசிகிச்சைக்குப் போகும் ஒரு பெண்ணின் கட்டில் அருகே அவளுடைய கணவர் ஒரு மணித்தியாலமாகச் சுடுதண்ணீர்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். அவள் கையோ வெறும் விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தது. "போத்தலை மேசையில வையுங்கோ, அவவின்ர கையைப் பிடியுங்கோ" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிடித்தார், ஆனால் பிடிக்க முன் வாசலைத் திரும்பிப் பார்த்தார், யாராவது பார்க்கிறார்களா என்று.

மட்டிக்களி_கணக்கு எழுதியது:

அக்கா சொன்னதை ஏற்றுக்கொண்டு ஒரு சந்தேகத்தை வைக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவன். எண்களை நம்புவதற்கு முன் அவை எப்படி வந்தன என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தொட்டுக்கொள்ளும் தம்பதியர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்றால், தொட்டதால் மகிழ்ச்சியா, மகிழ்ச்சியாக இருந்ததால் தொட்டார்களா? மழை பெய்கிற நாளில் குடைகள் அதிகம் தெரிகின்றன என்பதற்காகக் குடையை விரித்தால் மழை வரும் என்று சொல்ல முடியாது.

கட்டிப்பிடித்தலையும் தடிமனையும் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வும் இப்படித்தான். பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் கோஹன் 404 பேரிடம் 14 மாலைகள் தொடர்ந்து தொலைபேசியில், இன்று யாருடனாவது சச்சரவு நடந்ததா, யாராவது உங்களை அணைத்தார்களா என்று கேட்டுவிட்டு, பிறகு அவர்களின் மூக்கில் தடிமன் வைரசை விட்டுத் தனிமைப்படுத்திப் பார்த்தார். சச்சரவுள்ளவர்களில் ஆதரவு உணர்வு நிறைய இருந்தவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது; அந்தப் பாதுகாப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணைப்புகளோடு சேர்ந்து வந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அணைப்பை ஆய்வாளர் கொடுக்கவில்லை. ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தவர்களையே எண்ணினார். அதுவும் யார் அணைத்தாலும் கணக்கில் சேர்ந்தது, துணை மட்டுமல்ல.

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருவது, 2008இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் 34 தம்பதியரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் கழுத்து, தோள், கை ஆகியவற்றை மெதுவாகத் தொடவும் பிடித்துவிடவும் பழக்கி, நான்கு வாரம் வீட்டிலே செய்யவைத்தார்கள். அந்தப் பிரிவில், "காதல் ஓமோன்" என்று சொல்லப்படுகிற ஒட்சிடோசின் உமிழ்நீரில் கூடியது. மன அழுத்தத்தைக் காட்டும் அமைலேசு என்ற நொதியம் குறைந்தது. 24 மணித்தியாலமும் அளந்த மேல் அமுக்கம் கணவன்மாரிடம் குறைந்தது. கணவன்மாரிடம் என்பதைக் கவனியுங்கள். இழையைத் தொடங்கியவர் கேட்பதோ மனைவியின் பிரசரைப் பற்றி! இதற்கு மாறாக, 2022இல் வெளிவந்த ஒரு ஜேர்மன் ஆய்வில், நெருக்கடிக்கு முன் துணையைக் கட்டிப்பிடித்த பெண்களிடம் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஓமோன் குறைவாக ஏறியது. ஆண்களிடம் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். ஆகவே உங்கள் வீட்டுக்கு என்ன நடக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

தேங்காய்ப்பூ எழுதியது:

ஆய்வுகளை அண்ணா நன்றாகவே வைத்துவிட்டார். ஆனால் இந்த இழையில் இதுவரை மனைவியின் பக்கம் ஒரு வரியும் வரவில்லை, ஆகையால் நான் எழுதுகிறேன். வயது 41, வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கணவர் பின்னால் வந்து தோளில் கை வைத்தார். என் வாயிலிருந்து உடனே வந்த சொல், "என்ன வேணும்?" என்பதுதான். அவர் கையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் பத்திரிகையை விரித்தார். அன்று முழுக்க எனக்குத் தொண்டையில் ஏதோ நின்றது. ஏன் அப்படிக் கேட்டேன் என்று யோசித்தால் பதில் எளிதானது: 15 வருடத் திருமண வாழ்வில் அந்தக் கை வந்தபோதெல்லாம் ஒன்றில் தேநீர் கேட்டு வந்தது, அல்லது இரவுக்கு முன்கூட்டி அறிவித்தல் கொடுக்க வந்தது. எதுவும் கேட்காத கை என்று ஒன்று இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

நம் வீடுகளில் பல பெண்கள் சின்னத் தொடுகையிலிருந்தும் ஒதுங்குவது வெறுப்பினால் அல்ல. இந்தக் கையை அனுமதித்தால் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருப்பதனால், அன்றைக்கு உடம்பில் அதற்குத் தெம்பில்லாததனால், வாசலிலேயே மறித்துவிடுகிறோம். ஆண்களுக்கு அது "இவளுக்கு என்னில் பிரியமில்லை" என்று படுகிறது. பிறகு அவர்களும் வருவதில்லை. இப்படியே இரண்டு பக்கமும் மௌனமாகிவிடுகிறது.

இதை மேற்கத்தைய வைத்தியர்களும் கண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இருவர் 1970இல் விவரித்த சிகிச்சை முறையில், உறவில் சிக்கலுள்ள தம்பதியருக்கு முதலில் உடலுறவே வேண்டாம் என்று தடை போட்டுவிட்டு, ஒருவர் தொட மற்றவர் வெறுமனே உணர்வது, பிறகு முறை மாறுவது என்று தொடங்குவார்கள். அந்தத் தடைதான் அதன் உயிர். முடிவு எங்கே என்ற பயம் போனால்தான் உடம்பு தொடுகையை வாங்கிக்கொள்ளும். ஆகவே நிலாவெளி வீதி அண்ணா, கட்டிப்பிடிப்பதைப் பற்றி யோசிக்க முன், எதுவும் கேட்காத தொடுகையாக அது இருக்கும் என்று அக்காவுக்கு எப்படித் தெரியப்படுத்தப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். வாயால் சொன்னாலும் பிழையில்லை.

உள்துறைமுகம் எழுதியது:

எனக்கு 24 வயது, திருமணமாகவில்லை; பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். 45 நாடுகளில் நெருங்கியவர்களுக்கிடையிலான தொடுகையை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2021இல் வந்தது. வெப்பமான நாடுகளில் தொடுகை கூடுதல் என்றும், பழமைப் பிடிப்பும் சமயப் பிடிப்பும் கூடிய இடங்களில் குறைவு என்றும் அதில் சொல்லப்பட்டது. திருகோணமலை இரண்டிலும் முன்னணியில் நிற்கிற ஊர் என்பதால் நம்மை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை. டச்சுக் குடாக் கடற்கரையில் கைகோர்த்து நடக்கிற இளம் சோடியை முறைத்துப் பார்க்கிற ஊரில், அதே சோடி திருமணம் முடித்த மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளே அன்பாகத் தொடப் பழகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். என் தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை, கோணேசர் கோவில் ஏற்றத்தில் அம்மா தடுக்கியபோது. அப்பா பிடித்த கையை அம்மா மேலே போகும் வரை விடவில்லை.

நெறியாளர் எழுதியது:

கடற்கரையில் யார் யாரை முறைக்கிறார்கள் என்பதற்கு வேறு இழை ஏற்கெனவே இருக்கிறது. இங்கே தம்பதியரின் தொடுகையையும் உடல்நலத்தையும் பற்றி மட்டும் தொடருங்கள்.

ஓய்வுபெற்ற_தாதி எழுதியது:

தங்கச்சி தேங்காய்ப்பூவின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். அதற்கு மேல் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எதுவும் கேட்காத தொடுகை நம் வீடுகளில் இல்லாமல் இல்லை. அது நோயின் பெயரால் மட்டும் வருகிறது. காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைக்கிறோம், தலையிடிக்குச் சித்தாலேப என்ற தைலத்தைத் தடவுகிறோம், முதுகு நோவுக்கு எண்ணெய் போட்டு நீவுகிறோம். மாமியார் பார்த்தாலும் பிள்ளை பார்த்தாலும் யாருக்கும் கூச்சமில்லை. சில பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள் ஏன் தலையிடிக்கிறது என்று எனக்கு அந்தக் காலத்திலேயே ஒரு ஊகம் இருந்தது, பகிடியாகச் சொல்லவில்லை.

அந்தப் பழக்கத்தை ஆய்வுகளோடு சேர்த்துப் பாருங்கள். சுவிற்சர்லாந்தில் பியாட்டே டிட்சன் என்பவர் 67 பெண்களை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கடிக்கு முன் ஒரு பிரிவினருக்குத் துணைவர் வாயால் ஆறுதல் சொன்னார், இன்னொரு பிரிவினருக்குக் கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்டார், மூன்றாம் பிரிவினர் தனியே இருந்தார்கள். கழுத்தும் தோளும் பிடித்துவிடப்பட்டவர்களிடம்தான் கோர்ட்டிசோலும் இதயத் துடிப்பும் குறைவாக ஏறின. வாய் ஆறுதலுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. இரத்தத்தில் ஒட்சிடோசினும் கூடவில்லை என்பதால், எல்லாவற்றையும் "காதல் ஓமோன்" தலையில் கட்டுகிற பழக்கத்தையும் கைவிடலாம். நாங்கள் பிரசவ வாட்டில் சேலைனில் விடுகிற மருந்தும் அதே ஒட்சிடோசின்தான். அங்கே அதைக் காதலுக்கு யாரும் கேட்பதில்லை.

2024இல் 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பெரிய மதிப்பீடு ஒன்றும் வந்தது. நோவு, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகியவற்றில் தொடுகை உதவுகிறது என்றும், எவ்வளவு நேரம் என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம் என்றும், தலையையும் முகத்தையும் தொடுவது உடம்பைத் தொடுவதைவிடக் கூடுதல் பலன் தந்தது என்றும் அதில் கண்டார்கள். நெற்றியில் தைலம் தடவுகிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இன்னொன்று. மயிர் முளைக்கிற தோலில், மெதுவான தடவலுக்கென்றே தனியான நரம்பிழைகள் இருக்கின்றன. செக்கனுக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்தில், உடம்புச் சூட்டோடு தடவும்போதுதான் அவை நன்றாக விழிக்கின்றன. அவசரத்தில் தட்டிவிட்டுப் போகிற கையை அவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

மட்டிக்களி_கணக்கு எழுதியது:

செக்கனுக்கு மூன்று சென்ரிமீற்றர் என்று வைத்தால், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை போக எட்டு செக்கன் பிடிக்கும். கடிகாரத்தைப் பார்த்து என் சொந்தக் கையிலேயே செய்து பார்த்தேன். நினைத்ததைவிட மிக மெதுவாக இருக்கிறது. மனைவி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மூதூர்க்_கரை எழுதியது:

எல்லோரும் தொடுங்கள் என்று எழுதுகிற இடத்தில் ஒரு எச்சரிக்கையும் இருக்க வேண்டும். நான் உளவளத்துணைப் பணியில் இருக்கிறேன். யுத்தத்திலும் அதற்குப் பிறகும், சில வேளைகளில் சொந்த வீட்டுக்குள்ளேயும், உடம்பில் வன்முறையை வாங்கியவர்கள் நம் மாவட்டத்தில் குறைவல்ல. அவர்களில் சிலருக்கு எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து வருகிற கை, அன்பான கையாக இருந்தாலும், உடம்பு முழுவதையும் விறைக்கச் செய்யும். அவர்களுக்கு அது அமுக்கத்தை ஏற்றுமே தவிர இறக்காது. முன்னால் வந்து, முகம் தெரிய நின்று, கேட்டுவிட்டுத் தொடுவது அவசியம்.

ஜேம்ஸ் கோனின் 2006ஆம் ஆண்டு ஆய்வு இங்கே பொருந்தும். 16 திருமணமான பெண்களை மூளைப் படமெடுக்கும் இயந்திரத்தில் படுக்கவைத்து, மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று பயமுறுத்தினார்கள். கணவர் கையைப் பிடித்தபோது மூளையின் பயப் பதில் குறைந்தது. அந்நியர் பிடித்தபோது குறைவாகவே குறைந்தது. ஆனால் கணவன்மாரின் கைகளும் எல்லாப் பெண்களிடமும் ஒரே அளவில் வேலை செய்யவில்லை. உறவு நன்றாக இருந்த பெண்களிடம்தான் தணிவு கூடுதலாக இருந்தது. அடித்த கையே ஆற வைக்கும் என்று யாரும் இந்த இழையை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. அப்படியான வீட்டில் இருப்பவர்களுக்குப் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 இருக்கிறது.

நிலாவெளி_வீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தேங்காய்ப்பூ தங்கச்சி சொன்னபடி வாயால் சொல்லத்தான் நினைத்தேன்; சொல்ல வரவில்லை. கடைசியில் தாதி அக்காவின் வழியில் போனேன். மனைவி கிளினிக்கால் வந்து தலை பாரமாக இருக்கிறது என்று சாய்ந்த நேரம், சித்தாலேபவை எடுத்து நெற்றியில் தடவினேன். முதல் நாள் விரலில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டேன் போலிருக்கிறது, கண் எரிந்து அவர் எழும்பிப் போய் முகம் கழுவினார். அடுத்த நாள் குறைவாக எடுத்து, கணக்கு அண்ணா சொன்ன வேகத்தில், புருவத்திலிருந்து காது வரைக்கும் தடவினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "இதையே கட்டாரில படிப்பிச்சவங்கள்?" என்று கேட்டார். இல்லை, திருகோணமலையில்தான் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, நானும் விளங்கப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் நடக்கிறது. அதோடு அது முடிந்துவிடும் என்பதை நான் கவனமாகக் காப்பாற்றினேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, தலையிடி ஒன்றும் சொல்லாமலே போத்தலைக் கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தார். பகலில் மகனின் முன்னால் என் சேட்டின் கொலரை இழுத்துச் சரிசெய்ததும் அந்த வாரம்தான். மகன் பார்த்துவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான்.

பிரசர் போன மாதம் 148க்கு 92 ஆக இருந்தது. இந்த முறை 144க்கு 90.

மட்டிக்களி_கணக்கு எழுதியது:

சந்தோசம். ஆனால் நாலு புள்ளி வித்தியாசம் அளவு கருவியின் பட்டி கொஞ்சம் தளர்ந்தாலே வரும். காலையில் அளந்தாரா பின்னேரம் அளந்தாரா, வெயிலில் நடந்து போனாரா என்பதிலும் வரும். ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் இருந்த பிறகு, ஒரே கையில் அளக்கச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று மாத அளவுகளாவது வேண்டும்.

ஓய்வுபெற்ற_தாதி எழுதியது:

மருந்தை நிறுத்தக் கூடாது, தம்பி. கடைசியிலும் சொல்வேன் என்று சொல்லியிருந்தேன்.

நிலாவெளி_வீதி எழுதியது:

நிறுத்தவில்லை அக்கா. இரவுக் குளிசையைத் தைலப் போத்தலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம், இப்போது மறப்பதில்லை. அடுத்த கிளினிக் முடிந்ததும் அளவை இங்கே எழுதுகிறேன். போத்தலைச் சின்னதாக வாங்கியதுதான் பிழை, நேற்றே அடி தெரிந்துவிட்டது.